இரண்டு தேதி, நடுவில் ஒரு கோடு

— அந்த 'அமரர்'ங்கறத மட்டும் எடுத்துரு ஷிஃபான். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

— எடுக்கவா? சசி அண்ணே, ஆள் மவுத்துதானே? வில்கமுவைக்குப் போய் அடக்கம் பண்ணிட்டு வந்தேன்னு நீங்கதானே சொன்னீங்க?

— செத்தது நெசந்தான். அத எட்டடி பெனர்ல போட்டு ஊருக்கெல்லாம் காட்டணுமா?

— காட்டணும். ஷிஃபான் நானா, நீங்க எடுக்காதீங்க. அவரு சொல்றதுக்கெல்லாம் மவுஸ ஆட்டாதீங்க.

— ரஜிதா, ஒன்ன இங்க டீச்சர் போட்டோவ குடுக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். வழக்குப் பேச இல்ல.

— நாப்பத்து மூணு பேரப் படிப்பிச்சுப் பாஸ் பண்ண வச்ச மனுசி. அவங்களுக்கு மரியாத செய்யப் போறோம்னு கொமிட்டி போட்டு, கூட்டம் வச்சு, பால்சோறு யாரு ஆக்குறதுன்னு அரை நாள் சண்டயும் பிடிச்சாச்சு. செத்துட்டாங்கன்னு சொல்ல மட்டும் வாய் வரல்ல. இது என்னா மரியாதைங்க அண்ணே?

— இங்க பாருங்க, மாத்தளையில பதினோரு வருசமா பெனர் அடிக்கிறேன். 'அமரர்' போட மறந்துட்டேன்னு வந்து சண்ட பிடிச்சவங்க இருக்காங்க. 'அமரர்' வேணாம்னு வந்தது நீங்கதான் மொதல் ஆள். பன்னெண்டுக்கு ஜும்மாவுக்குப் போகணும். அதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமைக்கு வேணும்னா இன்னைக்கே அடிச்சாகணும்.

— கேளு தம்பி, ஒனக்கும் சொல்லிர்றேன். பாமசி தொறக்கணும்னா சோதனை பாஸ் பண்ணின ஒரு ஆளு கடையில இருக்கணும். சட்டம் அது. நான் பாஸ் பண்ணல்ல. மூணு தரம் எழுதி மூணு தரமும் பெயில். மூணாவது தரம் ரிசல்ட் வந்தன்னைக்கி சந்திரகாந்தா டீச்சர் என்னக் கூப்பிட்டு, 'சசி, நீ மருந்து குடுத்தா ஆளக் கொல்லுவே. நீ கடைய நடத்து, மருந்த நான் குடுக்கிறேன்'னு சொன்னாங்க. பத்தொம்பது வருசம். அவங்க சேட்டிபிகேட்தான் எங்கட சொவத்துல தொங்குது.

— இன்னமும் தொங்குது. அதையும் சேத்துச் சொல்லுங்க.

— சொல்றேன்ல! இன்னமும் தொங்குது. செப்டம்பர்ல செத்தாங்க, இப்ப ஜனவரி. இந்த மாசம் லைசன்ஸ் புதுப்பிக்கணும். இந்த பெனர் தொங்கப் போறது கடை முன்னுக்கு. மருந்துக்கடை பாக்கிற இன்ஸ்பெக்டர் தெனம் அந்த வழியாத்தான் டீ குடிக்கப் போறாரு. 'அமரர் சந்திரகாந்தா'ன்னு கண்டாருன்னா நேரா உள்ளுக்கு வந்து சொவத்தப் பாப்பாரு.

— யா அல்லாஹ். அப்ப மிஸ் மவுத்தான பொறகும் வேலைக்கு வந்துட்டுத்தான் இருக்காங்க.

— ஒரு நாள் லீவு எடுக்கல்ல நானா. முந்தியும் அப்படித்தான்.

— நக்கல் பண்ணாத புள்ள. கடைய மூடினா நாளைக்கு நீயுந்தான் ரோட்டுல நிப்பே.

— சரி சரி. எனக்கு ஒரு சந்தேகம் சசி அண்ணே. அந்த இன்ஸ்பெக்டர் மாத்தயாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?

— அவருக்குத் தெரியாது. அவரு ட்ரைவர் நம்ம ஆளு. அப்பறம், இந்தா கீழ இவ எழுதிக் குடுத்திருக்கா பாரு, பொறந்த தேதி, செத்த தேதி. ரெண்டு தேதி போட்டு நடுவுல ஒரு கோடு இழுத்தா எந்த மொழிக்காரனுக்கும் வெளங்கும். அந்தக் கோட்டத்தான் நான் மொதல்ல எடுக்கச் சொல்லியிருக்கணும். போட்டோவுக்கு மாலை வேணாம். குத்துவிளக்கு வேணாம். சிரிச்ச மொகமா இருக்கட்டும்.

— அந்தப் போட்டோவுல அவங்க சிரிக்கல்லைங்க. வெயில் கண்ணக் குத்துது.

— அப்ப தலைப்புக்கு என்னத்தப் போட? வெறும் பேரா?

— நான் எழுதி வச்சிருக்கேன். இந்தா. 'மலையகத்தின் மருந்துத் தாய்'.

— அய்யோ! தாயாம். ஸ்கேல் கம்பால வெரல் மொட்டியில போட்ட மனுசிங்க அது. சேலைன் பொட்டி மேல எங்கள ஒக்கார வச்சு, ஞாயித்துக்கிழம காலையில எட்டுலருந்து நாலு மணி வரைக்கும். நடுவுல குடிக்க ஒரு பிளேன்டி. யாராவது 'அம்மா'ன்னு வாய் தவறிக் கூப்பிட்டா, 'ஒங்கம்மா மலையில இருக்கா, நான் ஒன்னப் பெக்கல்ல, மாத்திரைய எண்ணு'ன்னுவாங்க.

— அதுக்காக பெனர்ல 'ஸ்கேல் கம்பு டீச்சர்'ன்னா போடுறது?

— அவங்க சொல்லிக் குடுத்தத போடுங்க. 'வெளங்கிச்சான்னு கேக்காதே. வீட்டுக்குப் போய் என்னா செய்வீங்கன்னு கேளு.' அது போதும்.

— அது என்ன தங்கச்சி, ஏதும் பழமொழியா?

— இல்ல நானா. நம்ம தோட்டத்து லயத்து ஆளுங்க இருக்காங்கல்ல, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவன் எல்லாம் அவங்களுக்குத் தொரைதான். என்னத்தச் சொன்னாலும் 'சரிங்க'. வெளங்கிச்சான்னா 'வெளங்கிச்சுங்க'. இருநூறு வருசமா தலையாட்டிப் பழகின கழுத்து. அதனால 'ஆமாங்க'ன்னு பதில் வர்ற கேள்விய கேக்கவே கூடாதும்பாங்க டீச்சர். மருந்துப் பொட்டிய நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, இத வச்சு வீட்டுல என்னா செய்வீங்கன்னு கேக்கணும். அவங்க வாயால சொல்லணும். சொல்லாட்டி பொட்டி கைமாறாது.

— ஹா! இருங்க இருங்க. கட்டையா, தடிச்ச கண்ணாடி போட்ட மிஸ்ஸா? எங்க உம்மாவோட சண்ட பிடிச்ச மிஸ்!

— அவங்களுக்கு அது ஒரு வேல. யாரோடதான் பிடிக்கல்ல.

— உம்மாவுக்கு சீனி வருத்தம். பொட்டிய கையில பிடிச்சுக்கிட்டே, 'வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க?'ன்னு கேக்குறாங்க. உம்மாவுக்குக் கோவம் வந்துட்டு. 'சோறாக்குவேன், வேற என்ன செய்யிற?'ன்னாங்க. மிஸ் விடவே இல்ல. 'சோறு திங்க முந்தியா மாத்திர, பொறகா?' பொறத்தால இருந்தவங்கெல்லாம் சிரிக்கிறாங்க. வர்ற வழியெல்லாம் உம்மா ஏசிக்கிட்டே வந்தாங்க. ஆனா ஒரு நாளும் மாத்திர பெசகினதில்ல. அந்த மிஸ்ஸா மவுத்து? எனக்குத் தெரியாதே சசி அண்ணே. நீங்க பேரு மட்டுந்தானே சொன்னீங்க.

— ஊருக்கே தெரியாது நானா. தெரிய விடல்ல. டவுன்ல ஒரு மரண அறிவித்தல் ஒட்டல்ல. மகள் வீட்டுல செத்ததனால ரொம்ப வசதியாப் போச்சு. பஸ் போகாத எடம். கடைசி நாலு கட்டை தூரம் ட்ரெக்டர்ல போனோம், மொத்தம் பதிமூணு பேரு. நாப்பத்து மூணு பேரப் பாஸ் பண்ண வச்ச மனுசிக்கு பதிமூணு பேரு.

— அந்தப் பதிமூணுல நானும் ஒருத்தன். சவப்பொட்டிய தோள்ல வச்சு வயல் வரப்புல நடந்தவன் நான். மறந்துட்டியா? வழுக்கி விழுந்து மொழங்கால் பேந்தும் பொட்டிய விடல்ல. எனக்கு அவங்க மேல பாசம் இல்லாத மாதிரி பேசாத.

— பாசம் இல்லேன்னு சொல்லல்லைங்க. அந்தப் பொட்டிய எறக்கி வச்ச கையோட, 'யாரும் டவுன்ல வாய தொறக்காதீங்க'ன்னு சொன்னதும் நீங்கதான்.

— கடையில நாலு பொம்பளைங்க வேல செய்யிறாங்க. ஸரீனாவுக்கு புருசன் இல்ல. அவள நான் என்னா சொல்லி வீட்டுக்கு அனுப்புவேன்? டீச்சர் செத்துட்டாங்க, நீயும் போன்னா?

— வேற ஒரு ஆள வேலைக்கு எடுக்கலாந்தானே? பாஸ் பண்ணின நாப்பத்து மூணு பேரு இருக்காங்கன்னு தங்கச்சி சொல்லுதே.

— நாப்பத்து மூணு பேர்ல பாதிப் பேரு கடலுக்கு அந்தப் பக்கம். மிச்சம் ஆஸ்பத்திரி வேலையில. நான் கேக்காத ஆள் இல்ல தம்பி. ஒருத்தன் என்னா சொன்னான் தெரியுமா? 'சேட்டிபிகேட்ட தர்றேன், தொங்கவிட்டுக்க. நான் கடைக்கு வரமாட்டேன்'னான். டீச்சர்ட்ட படிச்சவன்! சரி, உயிரோட வராத ஒருத்தன்ட சேட்டிபிகேட்டுக்கு செத்து வராத எங்க டீச்சரே மேலுன்னு விட்டுட்டேன்.

— அவன் யாருன்னு தெரியும். ஞாயித்துக்கிழம மேடையில மொதல் பேச்சு அவனுக்குத்தான் குடுத்திருக்கீங்க. 'டீச்சரின் பாதையில்'னு.

— இப்ப அது பேச்சில்ல.

— அதுதான் அண்ணே பேச்சு! ஆளே இல்லாத கடையில மருந்து போகுது. மாரிமுத்து ஐயாவ மறந்துட்டீங்களா?

— அவரு பொழைச்சுக்கிட்டாருல்ல.

— பொழைச்சாரு. மூணு கெழம ஆஸ்பத்திரியில கெடந்து.

— அது யாரு தங்கச்சி?

— பல்லேபொல பக்கம் மொளகுத் தோட்டத்துல வேல செஞ்ச ஆளு நானா. மூட்டு வருத்தம். அதுக்கு ஒரு மாத்திர இருக்கு, கெழமைக்கு ஒன்னுதான் போடணும். தெனம் போட்டா வெசம். நவம்பர்ல வந்தாரு. குடுத்தது நான். அன்னைக்கின்னு கடையில சனம். 'கெழமைக்கு ஒன்னுங்க ஐயா, வெளங்கிச்சா?'ன்னு கேட்டேன். 'வெளங்கிச்சுங்கம்மா'ன்னாரு. தலையையும் ஆட்டினாரு. அனுப்பிட்டேன்.

— நீங்களே அந்தக் கேள்வியக் கேட்டீங்களா?

— நானேதான். இருவது மாசம் அவங்ககிட்ட அடி வாங்கிப் படிச்ச நான். எட்டு நாள் கழிச்சு அவரு மக வர்றா, 'அப்பாவுக்கு வாயெல்லாம் புண்ணு, தேன் கலந்து தடவுறாப்புல எதுவும் இருக்கா'ன்னு. அப்பா பேரக் கேட்டேன். மாரிமுத்துன்னா. த்ரீவீல் பிடிச்சு ஓடினேன். பொட்டியில எட்டு மாத்திர கொறையுது. டீச்சர் இருந்திருந்தா 'என்னைக்குப் போடுவீங்க?'ன்னு கேட்டிருப்பாங்க. 'வெள்ளிக்கெழம, கோயிலுக்குப் போற அன்னைக்கி'ன்னு அந்த மனுசன் வாயால சொல்லிட்டுப் போயிருப்பாரு.

— பொறகாவது சொன்னீங்களா அவருகிட்ட, பெசகு உங்கடதுன்னு?

— சொன்னேன். ஆஸ்பத்திரி கட்டில்ல ஒக்காந்துகிட்டு என்னப் பாத்து கும்பிடுறாரு நானா. 'நீங்க சரியாத்தான் சொன்னீங்கம்மா, எனக்குத்தான் அறிவு பத்தல்ல'ங்கறாரு. அதக் கேட்டுட்டு எப்படிங்க சும்மா இருக்குறது?

— போதும். எல்லாரும் பெசகு விடுறவங்கதான். அதுக்குத்தான் சொல்றேன், சீக்கிரமா பாஸ் பண்ணிட்டு நீயே வந்து அந்த எடத்துல நில்லு. ஏப்ரல்ல சோதனை. டீச்சர் சேட்டிபிகேட்ட எறக்கிட்டு ஒன்னோடத மாட்டுவோம். ஆறே மாசம். ஆறு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியாதா ஒனக்கு?

— சோதனை எழுத ரெண்டு வருசம் பாஸ் பண்ணின ஆளுக்குக் கீழ வேல பழகியிருக்கணும். எனக்கு இருவது மாசந்தான் அண்ணே. டீச்சர் செத்த அன்னைக்கோட அது நின்னு போச்சு.

— எங்க நின்னுது? ஒன்னோட பயிற்சிப் புத்தகம் இந்தா எங் கையிலதான் இருக்கு. திங்கக்கெழம கொழும்புக்கு அனுப்பணும்னு சீல் வச்சுக் கொண்டாந்தேன். ஷிஃபான், நீயும் பாரு. ஒவ்வொரு மாசமும் இவ என்னா வேல பழகினான்னு எழுதி டீச்சர் கையெழுத்து போடணும். ஆகஸ்ட் வரைக்கும் சரியா? இந்தா, செப்டம்பர், ஒக்டோபர், நவம்பர், டிசம்பர். நாலும் இருக்கு.

— செப்டம்பர்ல மவுத்தான ஆள் டிசம்பர்ல எப்படி கையெழுத்து போட்டாங்க?

— முன்கூட்டியே தம்பி! ஆகஸ்ட்ல படுக்கையில கெடக்கும்போதே. தான் பொழைக்க மாட்டோம்னு அவங்களுக்குத் தெரியும். இந்தப் புள்ளட வாழ்க்க வீணாப் போகக் கூடாதுன்னு நாலு மாசத்துக்கும் ஒரே இருப்புல, ஒரே பேனாவால போட்டுக் குடுத்திருக்காங்க. எழுத்தப் பாரேன், எப்படி நடுங்கியிருக்குன்னு. கஞ்சிக் கரண்டி பிடிக்க ஏலாத கை அது. ஒனக்காகப் பேனா பிடிச்சிருக்கு ரஜிதா. போன கெழம நீ புத்தகத்தக் கொண்டாந்து குடுத்தப்ப, இதப் பாத்துட்டு ஸ்டோருக்குள்ள போய் நின்னு அழுதேன். பாக்கிற ஆள் இல்லாட்டி மாத்திரைய ரெண்டு தரம் எண்ணச் சொல்ற மனுசி. சட்டத்துல ஒரு நூல் விடாத மனுசி. கடைசியில நமக்காக வளஞ்சாங்க.

— அண்ணே, புத்தகத்த மூடுங்க.

— ஏன் மூடணும்? இதுதான் எனக்குத் தைரியம். அவங்களே செத்த பொறகும் நாலு மாசம் கடையில இருக்கேன்னு கையெழுத்து போட்டுட்டுப் போனாங்கன்னா அதுக்கு என்னா அர்த்தம்? கடைய மூடாதீங்கடா, நான் இருக்கேன்னுதானே அர்த்தம்? அதனாலதான் நானும் துணிஞ்சேன். லைசன்ஸ் விண்ணப்பத்துல அவங்க கையெழுத்து ஒன்னு வேணும். இந்த நாலையும் பாத்துத்தான் ரெண்டு நாளா எழுதிப் பழகுறேன். இந்த நடுக்கந்தான் சரியா வர மாட்டேங்குது.

— இதப் பாத்தா பழகுறீங்க?

— வேற எதப் பாத்துப் பழக? கடைசிக் காலத்துக் கையெழுத்து இதுதானே.

— அல்லாஹ்வே. சசி அண்ணே, இதெல்லாம் என் கடையில வச்சுப் பேசாதீங்க. மணி பதினொன்னே முக்கால். அமரரா, இல்லையா? தேதியா, இல்லையா?

— தேதிய எடு. எடுத்துட்டு 'என்றும் எங்களுடன்'னு போடு. அது பொய்யில்ல.

— தேதிய எடுத்தா இந்தப் புத்தகம் திங்கக்கெழம தபால்ல போயிரும் அண்ணே.

— போகணும்னுதானே சொல்றேன்! நல்லா யோசிச்சுப் பாரு. தேதிய பெனர்ல போட்டா மொதல் அடி எனக்கில்ல, ஒனக்கு. அந்தத் தேதியையும் இந்தப் புத்தகத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, முன்கூட்டியே போட்டதுன்னு நாம சொல்றத எவன் நம்புவான்? ரெண்டு வருசத்த மொதல்லருந்து தொடங்கணும். எங்க தொடங்குவே? லயத்துலருந்து வர்ற புள்ளைக்கு எந்த பாமசிக்காரன் வேல பழக்குவான்? ஒங்கம்மா இன்னும் எத்தன வருசம் கொழுந்து பறிக்க மலை ஏறுவா? ஒனக்கு இருவத்தேழு முடிஞ்சிருச்சு.

— தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டா ஒத்தக் கால்ல நிக்கிறே?

— அதனாலதான் நிக்கிறேன். கடை முன்னுக்கு ஊரே பாக்கத் தேதி தொங்கினா அப்பறம் யாராலயும் எதையும் அனுப்ப முடியாது. புத்தகத்த நானே கிழிக்கணும்னு மூணு தரம் கையில எடுத்தேன். முடியல்ல.

— கிழிக்கவா? எத? டீச்சர் கையெழுத்தையா? ஒனக்கு என்னா புத்தி பெரண்டு போச்சா? சாகப் போற மனுசி போட்டதக் கிழிச்சா அதவிடப் பாவம் உண்டா? அவங்களே கண்ண மூடிக்கிட்ட எடத்துல நீ எதுக்குக் கண்ணத் தொறக்கிறே? வெளங்குதா நான் சொல்றது?

— அந்தக் கேள்விய கேக்காதீங்க அண்ணே.

— ஓஹோ. சரி, ஒங்க டீச்சர் மாதிரியே கேக்கிறேன். இந்தா, புத்தகத்தப் பிடி. பிடிச்சியா? இத வச்சு வீட்டுக்குப் போய் என்னா செய்வே? வாயத் தொறந்து சொல்லு.

— நானா, தேதிய அடிங்க. செப்டம்பர் பதினொன்னு.

— அவன விடு! நான் கேட்டதுக்குப் பதிலச் சொல்லு புள்ள. வீட்டுக்குப் போய் என்னா செய்வே?

— செய்யிறத பொங்கலுக்கு முந்தியே செஞ்சு முடிச்சுட்டேன் அண்ணே. பழைய கொப்பியில அவங்க கையெழுத்தப் பாத்துப் பாத்து மூணு பக்கம் எழுதிப் பழகிட்டு, அந்த நாலையும் நான்தான் போட்டேன். நடுங்கினது என் கை.